ஒட்டினால் போச்சு: நுண்பொறிகளில் ஸ்டிக்ஷன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெம்ஸ் பற்றிப் பொறியியல் கல்லூரிகளில் பேசப் போகும்போதெல்லாம், உரை முடிந்தபின் வரும் கேள்விகள் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன: “இவ்வளவு சின்ன பாகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதா?” ஒட்டிக்கொள்ளும். அந்த அளவில் ஒட்டுவதுதான் இயல்பு. ஒட்டாமல் இருந்தால்தான் யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும், சொல்ல நேரமில்லாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

மெம்ஸ், நெம்ஸ் என்பவை எவை?

சிலிக்கான் சில்லில் செதுக்கிய அசையும் கருவிகள். பாகங்கள் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இருந்தால் மெம்ஸ், அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கான நானோமீட்டர் அளவில் இருந்தால் நெம்ஸ். உங்கள் போனைச் சாய்த்தால் திரை திரும்புகிறதே, அதை உணர்வது ஒரு மெம்ஸ் முடுக்கமானி. உள்ளே மெல்லிய ஸ்பிரிங்குகளில் தொங்கும் ஒரு சிலிக்கான் தகடும், அதிலிருந்து சீப்புப் பற்கள்போல நீளும் விரல்களும் இருக்கும். விரலுக்கும் விரலுக்கும் நடுவே ஒன்றிரண்டு மைக்ரான் இடைவெளிதான்.

ஸ்டிக்ஷன் என்ற சொல் எங்கிருந்து வந்தது?

நிலை உராய்வைக் குறிக்கும் ‘ஸ்டாடிக் ஃப்ரிக்ஷன்’, ஒட்டுவதைக் குறிக்கும் ‘ஸ்டிக்’ இரண்டும் கலந்த பட்டறைப் பேச்சு. பழைய கம்ப்யூட்டர் மெக்கானிக்குகளுக்கு இது ஹார்ட் டிஸ்க் வியாதி. மின்சாரம் நின்றதும் படிக்கும் தலை வட்டின்மேல் அமரும். இரண்டுமே கண்ணாடிபோல் வழவழப்பு. நடுவே மசகுப் படலமும் கொஞ்சம் ஈரமும். மறுநாள் சுவிட்சைப் போட்டால் மோட்டாரால் வட்டைச் சுழற்றவே முடியாது. டிரைவைக் கையில் பிடித்துச் ‘சட்’டென்று திருகி விடுவிப்பார்கள். தலை இறங்கும் இடத்தில் மட்டும் லேசரால் நுண்ணிய மேடுகள் போட்டு 1990களில் இதைச் சமாளித்தார்கள். பிறகு, தலையை வட்டின்மேல் உட்காரவே விடாமல் ஓரத்துச் சாய்தளத்தில் ஏற்றி நிறுத்தும் வழி வந்தது. மேடு போடு, அல்லது தொடவே விடாதே. மெம்ஸ் உலகின் பாதி வைத்தியம் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

பெரிய இயந்திரங்களில் ஏன் இந்தத் தொல்லை இல்லை?

இருக்கிறது, கண்ணில் படுவதில்லை. ஐடிஐயில் படித்தவர்களைக் கேளுங்கள்: அளவு சரிபார்க்க உதவும் வழவழப்பான ஸ்லிப் கேஜ் கட்டைகள் இரண்டைத் துடைத்து, அழுத்தி வழுக்கிச் சேர்த்தால் அவை ஒட்டிக்கொள்ளும்; தூக்கினால் விழாது. காந்தமும் இல்லை, பசையும் இல்லை. சரி, கதவுத் தாழ்ப்பாள் ஏன் அப்படி ஒட்டுவதில்லை? அதன் பரப்பு மேடுபள்ளம்; அதன் எடையோ ஒட்டுவிசையைவிடப் பல மடங்கு அதிகம்.

அளவைக் குறைத்தால் கணக்கு தலைகீழாகிறது. எடை நீளத்தின் மும்மடிப்படி குறையும், பரப்பு இருமடிப்படி மட்டுமே குறையும். 1 மைக்ரான் பக்கமுள்ள சிலிக்கான் கனசதுரத்தின் எடை சுமார் 0.000000000000023 நியூட்டன். அதன் அடியில் 10 நானோமீட்டர் தடிமனில் நீர்ப்படலம் இருப்பதாகவும், இரு பரப்பும் மட்டச் சமதளம் என்றும் வைத்துக்கொண்டால், அந்தப் படலம் இழுக்கும் விசை எடையைப்போல் சுமார் 60 கோடி மடங்கு. உண்மைப் பரப்புகள் அவ்வளவு சமதளமாக இருப்பதில்லை, அதனால் நிஜ விசை இதைவிட நிறையவே குறைவு. ஆனாலும் புவியீர்ப்பு இந்த ஆட்டத்திலேயே இல்லை என்பது புரியும். இதை இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் 1959 டிசம்பரில் அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் ஆற்றிய உரையிலேயே சொல்லிவிட்டார்: அவ்வளவு சிறிய போல்ட்டிலிருந்து நட்டைக் கழற்றினால் அது கீழே விழாது, போல்ட்டிலிருந்து அதைப் பிரித்தெடுப்பதே கடினம் என்கிற மாதிரி. அப்போது மெம்ஸ் என்ற பெயர்கூடக் கிடையாது.

எந்த விசை முதல் குற்றவாளி?

தண்ணீர்.

குளித்துவிட்டு வந்த தலைமுடியைப் பாருங்கள். காய்ந்த முடி தனித்தனியாக நிற்கும், ஈரமுடி கற்றை கற்றையாக ஒட்டும். முடிகளுக்கு நடுவே சிக்கிய நீரின் பரப்பு இழுவிசை முடியை வளைத்து இழுக்கிறது. சிலிக்கான் கம்பிகளுக்கு நேர்வதும் அட்சரம் பிசகாமல் இதேதான். 100 நானோமீட்டர் இடைவெளியில் நீர் புகுந்தால் அது இழுக்கும் அழுத்தம் சுமார் 14 வளிமண்டல அளவு.

நீரை நாம் ஊற்ற வேண்டியதில்லை. நீரை விரும்பும் பரப்புகளின் குறுகிய இடுக்கில் காற்றின் ஈரப்பதம் தானாகவே திரவமாகும். 50 சதவீத ஈரப்பதத்தில் ஒன்றரை நானோமீட்டர் இடுக்கு வரை நிரம்பும். சென்னைக் கடற்கரைக் காற்றுபோல 80 சதவீதம் என்றால் 5 நானோமீட்டர். 90 சதவீதத்தில் 10.

அடுத்தது வாண்டர் வால்ஸ் விசை, அதாவது மூலக்கூறுகள் ஒன்றையொன்று லேசாக இழுப்பது. ஈரமே இல்லாவிட்டாலும் இது இருக்கும். சில நானோமீட்டர் நெருக்கத்தில்தான் இதன் ராஜ்ஜியம். மூன்றாவது, காப்புப் படலங்களில் தேங்கும் மின்னூட்டம். ரேடியோ அலைவரிசை சுவிட்சுகளில் இதுதான் பெரிய தலைவலி: மின்னழுத்தத்தை எடுத்துவிட்ட பிறகும், தேங்கிய மின்னூட்டம் தகட்டைக் கீழேயே பிடித்துவைக்கும்.

காசிமிர் விசையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அது நிஜமா?

நிஜம்தான். நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் இருந்த ஹெண்ட்ரிக் காசிமிர் 1948இல் கணித்தார்: மின்னூட்டமே இல்லாத இரண்டு உலோகத் தகடுகள் வெற்றிடத்திலும் ஒன்றையொன்று இழுக்கும். துல்லியமாக அளக்க 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்டீவ் லாமரோ அளந்தார். தூரம் பாதியானால் விசை 16 மடங்கு. 1 மைக்ரான் தூரத்தில் ஒன்றுமே இல்லை எனலாம். 100 நானோமீட்டரில் 13 பாஸ்கல். 10 நானோமீட்டரில், குறையே இல்லாத கற்பனைத் தகடுகளுக்கு, கிட்டத்தட்ட ஒரு வளிமண்டல அழுத்தம்.

பெல் ஆய்வகத்தில் 2001இல், அரை மில்லிமீட்டர் சதுரத்தில் முறுக்குக் கம்பிகளில் தொங்கும் சிலிக்கான் தகட்டின் அருகே தங்கம் பூசிய குண்டைக் கொண்டுபோய், இந்த விசையாலேயே தகடு சாய்வதைக் காட்டினார்கள். பத்திரிகைகள் இதைக் கொண்டாடும் அளவுக்கு மெம்ஸ் பொறியாளர்கள் இதை நினைத்துத் தூக்கம் கெடுவதில்லை. மைக்ரான் இடைவெளி உள்ளவரை தண்ணீரும் மின்னூட்டமும்தான் எதிரிகள். இடைவெளி 100 நானோமீட்டருக்குக் கீழே போகும் நெம்ஸில்தான் காசிமிர் கணக்கில் வருகிறார்.

அதே விசையை விலக்கு விசையாக மாற்ற முடியாதா?

சில சேர்க்கைகளில் முடியும். இரண்டு பொருள்களுக்கு நடுவே உள்ள திரவத்தின் மின்காப்புப் பண்பு அவை இரண்டின் பண்புகளுக்கும் இடைப்பட்டதாக இருந்தால் விசை விலக்கும் என்று சோவியத் அறிவியலாளர்கள் 1961இலேயே காட்டினர். 2009இல் மன்டே, கபாசோ, பார்சேஜியன் மூவரும் தங்கக் குண்டு, சிலிக்கா தகடு, நடுவே புரோமோபென்சீன் வைத்து அளந்தார்கள், விலக்கியது. அழகான இயற்பியல். ஆனால் போனுக்குள் புரோமோபென்சீன் குளம் கட்ட முடியாது; திரவத்தில் மூழ்கிய பாகம் வேகமாக அதிரவும் செய்யாது.

சுவரில் பல்லி ஒட்டுவதும் இதே விசையா?

வாண்டர் வால்ஸ் விசைதான். பல்லி இனத்தைச் சேர்ந்த டோக்கே கெக்கோவின் பாதத்தில் ஏறக்குறைய 5 லட்சம் நுண்முடிகள் உண்டு. ஒவ்வொன்றின் நுனியும் நூற்றுக்கணக்கான, 200 நானோமீட்டர் அளவுள்ள தட்டைகளாகப் பிரியும். ஒரே ஒரு நுண்முடி 200 மைக்ரோ நியூட்டன் வரை தாங்குவதை 2000இல் அளந்தார்கள். என்னைக் கவர்வது அது ஒட்டும் விதமல்ல, விடும் விதம். நுண்முடியைச் சுமார் 30 பாகைக்கு மேல் நிமிர்த்தினால் ஓரத்திலிருந்து உரிந்து தானே கழன்றுவிடும். ஒட்டிய பரப்பை ஒரேயடியாகப் பிடுங்குவது கடினம், ஓரத்திலிருந்து உரிப்பது சுலபம். சுவரொட்டியைக் கிழித்த எவருக்கும் தெரிந்த சங்கதி. சிலிக்கான் கம்பிகளும் இப்படித்தான் உரிகின்றன. அந்தக் கணக்கு கீழே வருகிறது.

தயாரிக்கும்போதே ஒட்டிவிடும் என்கிறார்களே?

அதிகமாகக் கெடுவதே அங்கேதான். அசையும் பாகத்தைச் செய்யும்போது அதன் அடியில் சிலிக்கான் டைஆக்சைடு அடுக்கு ஒன்று இருக்கும். கட்டடத்துக்கு சென்ட்ரிங் பலகை அடிப்பதுபோல. கான்கிரீட் இறுகியதும் பலகையைப் பிரிக்கிறோம் அல்லவா? இங்கே ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் ஆக்சைடைக் கரைக்கும், சிலிக்கானைத் தொடாது. பிறகு நீரில் கழுவ வேண்டும். கழுவியதைக் காயவைக்கும்போது, வற்றும் நீர் கம்பியைக் கீழே இழுத்துக்கொண்டே போகும். நீர் போய்விடும், கம்பி தரையில் ஒட்டியே கிடக்கும்.

நான் முதன்முதலில் விடுவித்த சில்லுகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தோன்றியது. குவியத்தை மாற்றியபோதுதான், நீளமான கம்பிகளின் நுனியும் தரையும் ஒரே குவியத்தில் தெளிவது தெரிந்தது. நான்கு மாத வேலை. குட்டைக் கம்பிகள் மட்டும் தப்பியிருந்தன. அன்று கற்றதைத்தான் இன்றும் முதலில் சொல்கிறேன்: ஒரே சில்லில் வெவ்வேறு நீளத்தில் கம்பிகளை வரிசையாக வையுங்கள். எந்த நீளத்தில் ஒட்டத் தொடங்குகிறது என்பதே உங்கள் செயல்முறையின் மதிப்பெண்.

காயவைக்கும்போது ஒட்டாமலிருக்க என்ன வழி?

திரவத்துக்கும் ஆவிக்கும் நடுவே உள்ள எல்லைதான் இழுக்கிறது. அந்த எல்லையே உருவாகாமல் பார்த்துக்கொண்டால் இழுவை இல்லை.

முதல் வழி, மாறுநிலைப் புள்ளி உலர்த்தல். நீரை ஆல்கஹாலால் மாற்றி, ஆல்கஹாலைத் திரவ கார்பன் டைஆக்சைடால் மாற்றி, 31 டிகிரி செல்சியஸ், 73 வளிமண்டல அழுத்தத்துக்கு மேலே கொண்டுபோனால் திரவம், வாயு என்ற பேதமே மறைந்துவிடும். அப்படியே அழுத்தத்தைத் திறந்துவிட்டால் வாயுவாக வெளியேறும்.

இரண்டாவது, உறையவைத்துப் பதங்கமாக்குதல். டெர்ஷியரி பியூட்டனால் சுமார் 25 டிகிரியில் உறையும். சென்னையில் திரவம், ஊட்டியில் கட்டி. உறைந்ததை வெற்றிடத்தில் வைத்தால் நேராக ஆவியாகும். வசதி குறைந்த ஆய்வகங்களுக்கு ஏற்றது.

மூன்றாவது, நீரே இல்லாமல் அமில ஆவியால் அரிப்பது. இதிலும் ஒரு சூட்சுமம்: ஆக்சைடும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமும் வினைபுரிந்தால் விளைபொருளே நீர்தான்! அதனால் சில்லைச் சூடாக வைத்து, பிறக்கும் நீரை அவ்வப்போது விரட்ட வேண்டும். ஆலைகளில் இன்று பெரிதும் நடப்பது இந்த வழி.

போகிற போக்கில் ஒன்று: இந்த அமிலம் தோலில் பட்டால் உடனே எரியாமலும் போகலாம், உள்ளே இறங்கி எலும்பு வரை தின்னும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத இடத்தில் இதைத் தொடாதீர்கள்.

உபயோகத்தில் இருக்கும்போது ஒட்டாமல் எப்படிக் காப்பது?

எல்லோரும் முதலில் “என்ன பூச்சு பூசலாம்?” என்று கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது நான்காவது கேள்வி.

முதல் கேள்வி, ஸ்பிரிங் போதுமான வலுவோடு இருக்கிறதா? ஒட்டிய நுனியைத் திரும்ப இழுப்பது கம்பியின் விறைப்பு ஒன்றுதான். ஒரு முனை பிணைத்த கம்பி தரையில் ஒட்டிக் கிடந்தால், ஒட்டாமல் உரிந்து நிற்கும் நீளத்தின் நான்காம் அடுக்கு, தடிமனின் மும்மடியையும் இடைவெளியின் இருமடியையும் பெருக்கி ஒட்டு ஆற்றலால் (ஒட்டிய பரப்பைப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றல்) வகுத்ததற்கு நேர்விகிதம். உங்கள் கம்பி அந்த நீளத்தைவிடக் குட்டையாக இருந்தால் தானே எழுந்துவிடும். இதையே திருப்பிப் பாருங்கள். அருமையான பூச்சு பூசி ஒட்டு ஆற்றலை ஆயிரத்தில் ஒன்றாக்கினாலும் தப்பும் நீளம் ஐந்தரை மடங்குதான் கூடும். கம்பியைப் பாதியாகக் குட்டையாக்கினாலோ, 16 மடங்கு ஒட்டு ஆற்றலைத் தாங்கும்; அதுவும் பைசா செலவில்லாமல். ஆனால் விறைப்பு கூடினால் உணர்திறன் குறையும். முடுக்கமானி வடிவமைப்பாளரின் இழுபறி முழுவதும் இங்கேதான்.

இரண்டாவது, தொட்டால் எங்கே தொடும்? முழுத் தகடும் படியாமல், சிறு குமிழ்களும் தடுப்புகளும் மட்டும் தொடும்படி செய்ய வேண்டும். தடுப்புக்கும் அசையும் தகட்டுக்கும் ஒரே மின்னழுத்தம் கொடுக்க வேண்டும்; இல்லையேல் தொட்டதும் மின்விசையே பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, கவிழும் எல்லை. இணைத் தகடுகளில் மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு நகர்ந்ததும் ஸ்பிரிங் தோற்று, தகடு ‘டப்’பென்று விழும். அந்த எல்லைக்கு வெகு முன்பே நிறுத்திவிட வேண்டும்.

சரி, அந்த நான்காவது கேள்வி: என்ன பூச்சு?

தானே அடுக்கிக்கொள்ளும் ஒற்றை மூலக்கூறு அடுக்குகள். நீண்ட ஹைட்ரோகார்பன் அல்லது ஃப்ளூரோகார்பன் வால், சிலிக்கான் ஆக்சைடில் வேர்விடும் குளோரோசிலேன் தலை. ஆக்டடெசில்டிரைகுளோரோசிலேன் பழைய குதிரை. ஃப்ளூரின் வால் கொண்டவை வெப்பத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். பூசியபின் நீர்த்துளியின் சேர்கோணம், அதாவது துளியின் விளிம்பு பரப்போடு சேரும் கோணம், சுமார் 110 டிகிரி ஆகும். சேர்கோணம் 90ஐத் தாண்டினால் இடுக்கில் நீர் புகாது. முதல் குற்றவாளி அங்கேயே கைது. தடிமன் இரண்டரை நானோமீட்டருக்கு மேல் போகாது என்பதால் கருவியின் அளவு மாறாது. பூசும் அறையில் ஈரம் கூடிவிட்டால் மட்டும் மூலக்கூறுகள் தமக்குள்ளேயே சேர்ந்து உருண்டை உருண்டையாகப் படியும். எனக்கும் படிந்திருக்கிறது.

“தாமரை இலைத் தண்ணீர்” என்கிறோமே, அது 160 டிகிரிக்கு அருகே போகிறது. வெறும் மெழுகால் வருவதல்ல அது. நுண்மேடுகளும் அவற்றின்மேல் மெழுகுப் படிகங்களும் சேர்ந்த வேலை. 1997இல் ஜெர்மனியின் பார்ட்லாட்டும் நைன்ஹுயிஸும் இதை விரிவாக விளக்கினர். பூச்சோடு சொரசொரப்பும் சேர்ந்தால் இரட்டை லாபம்.

அப்படியானால் பரப்பை மெருகேற்றுவது தவறா?

பெரும்பாலும் தவறுதான். வழவழப்பு கூடினால் உண்மையாகத் தொடும் பரப்பும் கூடும். ஒரு விதிவிலக்கு கிராஃபைட்: அணுவரிசைகள் ஒன்றோடொன்று பொருந்தாத கோணத்தில் திருப்பி வைத்தால் உராய்வு ஏறக்குறைய மறைந்துவிடும். நெதர்லாந்தின் லைடனில் 2004இல் இதை அளந்து காட்டினார்கள்.

இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால்?

தையல் மெஷினுக்குச் சரி. இங்கே எண்ணெயும் ஒரு திரவம். அதற்கும் பரப்பு இழுவிசை உண்டு. மருந்தே வியாதியாகும்.

ஆனால் ஆவியாக விடலாம். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகமும் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பென்டனால் ஆவி சூழ்ந்த அறையில் உரசும் சிலிக்கான் கருவியைப் பத்து கோடி சுழற்சிகளுக்கு மேல் ஓட்டினார்கள். தேய்ந்த இடத்தை ஆவி மூலக்கூறுகள் திரும்பத் திரும்ப வந்து மூடும். ஒருமுறை பூசிய பூச்சுக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

ஈரத்தை அறவே நீக்கிவிட்டால் போதாதா?

சாண்டியாவின் நுண்பல்சக்கரச் சோதனைகளில் வறண்ட காற்றில் தேய்மானத் துகள்கள் அதிகரித்தன. கொஞ்சம் ஈரம் பரப்பைக் காக்கிறது, அதிகமானால் ஒட்டவைக்கிறது. உரசும் பாகம் இல்லாத கருவி என்றால் முழு வறட்சி நல்லதே.

தொட்டே ஆகவேண்டும், ஒட்டவும் கூடாது என்றால்?

அதற்கு உதாரணம், சினிமா புரொஜெக்டரில் இருக்கும் டிஎம்டி சில்லு. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் 1987இல் உருவாக்கியது. 2கே திரைக்கு 2048 பெருக்கல் 1080, அதாவது 22 லட்சம் அலுமினியக் கண்ணாடிகள். ஒவ்வொன்றும் 12 டிகிரி இந்தப் பக்கம், 12 டிகிரி அந்தப் பக்கம் சாய்ந்து, நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை தடுப்பில் மோதி நிற்கும். ஒன்று ஒட்டினாலும் திரையில் மாறாத ஒரு புள்ளி.

இங்கே எல்லா வைத்தியமும் ஒன்றாக நடக்கிறது. மோதும் நுனியே சிறு ஸ்பிரிங். மோதும்போது வளைந்து ஆற்றலைச் சேமித்து, விடுபடும்போது உதைத்துத் தள்ளும். அதோடு ஒரு மின்துடிப்பு கொடுத்து நுனியை இன்னும் அழுத்தி, அந்த எதிருதையில் எழுப்புகிறார்கள். துள்ளுவதற்குமுன் உட்கார்ந்து எழுவதுபோல. பரப்பில் ஃப்ளூரின் கலந்த கொழுப்பமிலத்தின் மெல்லிய படலம். மூடி முத்திரையிட்ட உறைக்குள் ஈரத்தை உறிஞ்சும் பொருள். நான் பார்த்தவரை ஒட்டல் தடுப்புக்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை.

நெம்ஸ் சுவிட்சுகள் டிரான்சிஸ்டருக்கு மாற்றாகுமா?

ஆசை நியாயமானது. அணைத்த டிரான்சிஸ்டரிலும் மின்சாரம் கசியும்; நடுவே காற்று இடைவெளி உள்ள சுவிட்சில் கசிவே இல்லை. ஆனால் மின்சாரம் பாயவேண்டுமானால் உலோகமும் உலோகமும் நன்றாக அழுந்தவேண்டும். நன்றாக அழுந்தினால் ஒட்டும். தங்கம் மென்மையானது, அதனால் பற்றவைத்தமாதிரி பிடித்துக்கொள்ளும். டங்ஸ்டன், ருத்தீனியம் போன்ற கடின உலோகங்கள் ஒட்டுவது குறைவு, தொடுமின்தடை அதிகம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு டங்ஸ்டன் முனைகளில் ஒற்றை மூலக்கூறு பூச்சு பூசி, 50 மில்லிவோல்ட்டில் சுவிட்சுகளை இயக்கிக் காட்டியிருக்கிறது. கணினிச் சில்லுக்கு வேண்டிய எண்ணிக்கையும் ஆயுளும் இன்னும் தொலைவு.

சிலர் வேறு வழியில் யோசித்தார்கள்: ஒட்டட்டுமே! ஹார்வர்டில் 2000ஆம் ஆண்டு, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே தொங்கும் கார்பன் நானோகுழாய்களை நினைவகமாக்கும் யோசனை வெளியானது. ஒட்டினால் 1, விலகினால் 0. மின்சாரம் போனாலும் வாண்டர் வால்ஸ் விசை விடாது.

என் போனில் திரை திரும்புவதில்லை. தட்டினால் சரியாகுமா?

முதலில் திரைச் சுழற்சிப் பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பத்தில் ஒன்பது பேருக்கு அதுதான். நிஜமாகவே ஒட்டியிருந்தால், உள்ளங்கையில் தட்டுவதால் எழும் விசை அந்த நுண்தகட்டுக்குப் பெரும்பாலும் போதாது; பொருள் சிறியதென்றால் அதிர்ச்சி அதற்குத் தரும் விசையும் சிறியதுதான். ஆய்வகங்களில் லேசர் துடிப்பால் சூடேற்றி ஒட்டிய கம்பிகளை எழுப்பியிருக்கிறார்கள். போனுக்கு அது நடக்காது, போர்டில் அந்தச் சில்லை மாற்றுவார்கள்.

இதையெல்லாம் கையால் செய்து பார்க்க இங்கே இடம் உண்டா?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் மும்பை ஐஐடியிலும் வெளி ஆய்வாளர்கள் விண்ணப்பித்துப் பயன்படுத்தும் நானோ உருவாக்க வசதிகள் உண்டு. போவதற்குமுன் நீளம் நீளமாய்க் கம்பி வரிசை ஒன்றை வரைபடத்தில் சேர்த்துவிட்டீர்களா என்று பாருங்கள்.